பழகிய முகத்தின் நிறம்

டாக்டர் ரெஜினாவின் கடிதத்தில் மூன்றே வரிகள்தான் இருந்தன. "வடமேடு குப்பத்தில் இரண்டு மாதத்தில் முப்பத்தொரு பேருக்கு மஞ்சள் காமாலை. அதில் ஒருவரைக்கூட வீட்டிலிருப்பவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்."

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு ஆய்வுக்கூடத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மறுநாள் காலை முதல் பேருந்தில் வடக்கே கிளம்பிவிட்டேன்.

அந்தக் கடற்கரையின் மேல் மூட்டம் வந்து நின்று ஆறு வருடமாகிறது. எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று அறிக்கைகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றையொன்று மறுக்கின்றன. டீக்கறை படிந்த துணிக்குள் நின்றுகொண்டு உலகத்தைப் பார்ப்பதுபோல இருக்கும். முதல் மூன்று வருடங்கள் அங்கே நீலம் என்ற நிறமே இல்லை. சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒன்றுபோலத் தெரிந்து லாரிகள் மோதின. மீனின் செவுள் சிவப்பா கறுப்பா என்று தெரியாமல் கெட்ட மீன் விற்றது. பிறகு முகாம் போட்டு எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்தார்கள். புகைநிறக் கண்ணாடி, வெளியிலிருந்து பார்த்தால் போட்டிருப்பவரின் கண் தெரியாது. உள்ளிருந்து பார்த்தால் வானம் நீலமாகத் தெரியும்.

அந்த நீலம் என்னுடையது. கணினி எப்படி நிறத்தைப் பார்க்கிறது என்பதுதான் பதினைந்து வருடமாக என் ஆராய்ச்சி. கண்ணாடிக்குள் இருக்கும் கணக்கை எழுதியவள் நான்.

மூட்டம் தொடங்கும் பாலத்தைத் தாண்டியதும் பேருந்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். நானும் மாட்டிக்கொண்டேன். சோதனைக்காக நான் வைத்திருப்பதும் அதே முகாம் கண்ணாடிதான்.

ரெஜினா நாகர்கோவில்காரர். சுகாதார நிலையத்தில் மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறார். நான் நாற்காலியில் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்தார்.

"குடிதண்ணிக் குழாயில சாக்கடை கலந்திருக்கு. குழாயை மூடியாச்சு. அது என் வேலை, முடிச்சிட்டேன். இப்ப உங்க வேலை. போன வாரம் மோகனான்னு ஒருத்தி செத்துப் போனா. முப்பது வயசு. புருஷன் பதினோரு நாள் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான். 'சோர்வாத்தான் இருந்தா டாக்டரம்மா, நெறமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு'ன்னு இப்பவும் சொல்லுறான். அவன் பொய் சொல்லல."

"கண்ணாடி பழுதாகியிருக்கலாம்."

"முப்பத்தொரு வீட்டுலயுமா? இன்னொரு வீட்டுக்குப் பழவேற்காட்டுப் பக்கத்துலேருந்து ஒரு அத்தை வந்திருக்கு. அதுவும் இதே கண்ணாடிதான். வாசல்ல நுழையும்போதே 'இன்னாடி இப்படி மஞ்சளா கீறே'ன்னு கேட்டிருக்கு. வீட்டுல இருந்த ஆறு பேருக்கும் தெரியாதது, அதுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

"அந்த அத்தை அந்தப் பொண்ணை இதுக்கு முன்னாடி கடைசியா எப்பப் பாத்தாங்க?"

"பார்த்ததே கிடையாது. மாப்பிள்ளை வழிச் சொந்தம்."

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். அங்கிருந்து திரும்பி வந்தேன். ரெஜினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க," என்றார்.

"உங்க வெள்ளைக் கோட்டு சாயங்கால வெயில்ல என்ன நிறமா இருக்கும்?"

"வெள்ளைதான்."

"இல்ல. ஆரஞ்சு. வெயிலோட நிறத்தை உங்க கண்ணு கழிச்சிட்டு வெள்ளைன்னு சொல்லுது. மெஷினுக்கு அந்தக் கழித்தல் தெரியாது. எவ்வளவு கழிக்கணும்னு தெரியணும்னா, அசல் நிறம் முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு பொருள் எதிர்ல இருக்கணும்."

"ஒரு வெள்ளைத் தாள் வச்சா போதுமே."

"இந்த ஊர்ல வெள்ளைன்னு எது மிச்சமிருக்கு?"

ரெஜினா தன் கோட்டின் கைப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்.

"அதனால முகத்தை எடுத்துக்கிட்டேன்," என்றேன். "யாரை அதிகமா பாக்குறோமோ அவங்க முகத்தைக் கண்ணாடி கத்துக்கும். இருநூறு முகம் வரைக்கும். பழகின முகம் நிறம் மாறாதுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அந்த முகம் மஞ்சளா தெரிஞ்சா, வெளிச்சம்தான் மஞ்சளாயிடுச்சுன்னு நினைச்சு அந்த மஞ்சளைக் கழிச்சிடும்."

"ஆள் மஞ்சளானா?"

"அப்பவும் கழிச்சிடும்."

ரெஜினா மேசை மேலிருந்த டார்ச்சை எடுத்து ஏற்றினார், அணைத்தார். "கண்ணாடியைக் கழட்டிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன். மூணு வருஷமா மாட்டியிருந்த கண்ணு. கழட்டினா சாம்பலும் காவியுமா ஒரே கலங்கல். கண்ணு பழைய நிலைக்கு வர நாலு நாளாவது ஆகும். இந்த ஊர் முகமெல்லாம் என் கண்ணாடிக்கும் பழகிப்போச்சு. ரத்தப் பரிசோதனையைத்தான் நம்புறேன். அது நகரத்துக்குப் போய் வர ஒன்றரை நாள்."

கண்ணாடி நிறுவனத்துக்குப் போன் செய்தேன். நான் சொன்னதை அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். அந்த விதியைத் திடீரென்று எடுத்துவிட்டால் நிறம் தடுமாறும். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மாற்றி எழுதி, சோதித்து, அனுப்பப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்த விதிக்கு எனக்கு ஒரு விருது கிடைத்திருந்ததை வேறு நினைவுபடுத்தினார்கள்.

"பத்து நாள் இங்க எல்லாருக்கும் இருக்கு," என்றார் ரெஜினா. "ஒருத்திக்கு இல்ல. தெய்வானை. எட்டு மாசம். கர்ப்பத்துல இந்தக் காமாலை வந்தா நாலுல ஒருத்தி பிழைக்கிறதில்ல. மத்த கர்ப்பிணிகள் பத்துப் பேருக்கும் ரத்தம் எடுத்தாச்சு. இவளை மட்டும் வீட்டுக்காரன் விடல. மூணு நாளா சாப்பாடு இறங்கலைன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நடங்க."

தெய்வானையின் கணவன் எட்டியப்பன் வீட்டு வாசலில் உலராத வலை கிடந்தது. அவன் கதவை முழுதாகத் திறக்கவில்லை. முகத்தில் பாதியைத் துண்டு மறைத்திருந்தது, மீதியைக் கண்ணாடி.

"போன வருஷம் குப்பத்தக் காலி பண்ணுன்னு நோட்டீஸ் ஒட்டுனீங்க. இந்த வருஷம் சீக்குன்றீங்க. அடுத்தாப்புல இன்னா, பூதம் கீதுன்னு சொல்வீங்களா?"

"எட்டியப்பா, நான் ரெண்டு சொட்டு ரத்தம்தான் கேக்குறேன்," என்றார் ரெஜினா.

"நல்லா கீறவளுக்கு இன்னாத்துக்கு ஊசி? தெனம் என் கண்ணால பாக்குறேன் டாக்டரம்மா. கல்யாணத்தன்னிக்கு எப்டி இருந்தாளோ அப்டியே கீறா."

உண்மைதான். அவன் கண்ணாடி அவளை அப்படியே வைத்திருந்தது.

நான் முன்னால் போய், கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்று சொன்னேன். எவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிதாகச் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். புரிந்துகொண்டான் என்றுகூட நினைத்தேன்.

"இந்தக் கண்ணாடிய நீதான் செஞ்ச?"

"ஆமா."

"மூணு வருஷமா பொய் சொல்லிச்சுன்ற."

"ஆமா."

"அப்ப இன்னிக்கு மட்டும் நீ நெசம் சொல்றேன்னு நான் எப்டி நம்புறது?"

என் கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன். "இதுக்கு அவங்க முகம் தெரியாது. இதைப் போட்டுப் பாருங்க."

"உன் கண்ணாடில நீ இன்னா வேணா வெச்சிருப்ப," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான். உள்ளே யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. ரெஜினா கதவைத் தட்டினார். நான்கைந்து ஆண்கள் வந்து சுற்றி நின்றார்கள். யாரும் எங்களைத் தொடவில்லை. போங்கள் என்று சொல்லவும் இல்லை. சும்மா நின்றார்கள். நாங்கள் திரும்பிவிட்டோம்.

"வேற கண்ணாடி வேணும்," என்றேன் வழியில். "முகாம்ல குடுத்த சாதாரணக் கண்ணாடி. என்னுது இல்லாம, உங்களுது இல்லாம. இந்தப் பொண்ணை இதுவரைக்கும் பார்க்காத ஒருத்தரோடது."

"வடமேட்டுல அவளைப் பார்க்காதவங்க யாரும் இல்ல. மூட்டத்துக்கு வெளிய இருக்கிறவங்ககிட்ட கண்ணாடியே இல்ல. அந்த அத்தையும் ஊருக்குத் திரும்பிப் போயிடுச்சு." ரெஜினா நின்றுவிட்டார். "தென்மேடுதான் பாக்கி."

"போலாமே. கால்வாய்க்கு அந்தப் பக்கம்தானே?"

"உங்களுக்குத் தெரியாது. மூணு வருஷமா ரெண்டு குப்பத்துக்கும் தண்ணி புழக்கம்கூடக் கிடையாது. மீன் குஞ்சைக்கூட விடாம அள்ளுற சுருக்குமடி வலையைப் போடலாமா கூடாதான்னு சண்டை. படகு எரிஞ்சுது. எட்டியப்பன் எரிச்சான்னு கேஸ், இன்னும் நடக்குது. கால்வாய்ப் பாலத்துல எதிரெதிரா வந்தா ஒருத்தர் திரும்பிப் போயிடுவாங்க."

"அதனாலதான் அவங்க கண்ணாடி வேணும்," என்றேன்.

இரண்டு குப்பத்துக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது ஏலக்கூடம் மட்டும்தான். ஐஸ் அங்கேதான் கிடைக்கும். நடுவில் ஒரு கயிறு கட்டி, இந்தப் பக்கம் வடமேடு, அந்தப் பக்கம் தென்மேடு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எதிரெதிரே உட்காருவார்கள். மதியத்தில் தென்மேட்டுப் பெண்கள் மட்டும் மிச்ச மீனோடு இருந்தார்கள். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கூடமே சிரித்தது.

"இன்னா மேடம், எங்க கண்ணாடில வடமேட்டான் பொண்டாட்டிய பாக்கணுமா? கண்ணாடி நாறிப்பூடும்!"

"வாடகைக்கு வேணா தரலாம்டி!"

"படகக் கொளுத்தசொல்லோ எங்கள கேட்டானா அவன்?"

நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். நகரத்தில் கருத்தரங்குகளில் நான் மன்றாடியதில்லை. எப்படி மன்றாடுவது என்றும் தெரியவில்லை. "எட்டு மாசம்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கோடியில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி கத்தியைக் கீழே வைத்தாள். ஐம்பது வயதிருக்கும். எரிந்த படகு அவளுடையது என்று ரெஜினா பிறகு சொன்னார். பெயர் பாஞ்சாலை.

"நான் வரேன்."

"யக்கா, உனக்கின்னா பைத்தியமா?"

"அவளுக்காவ வரல. அவன் மொகத்துல பயத்த ஒரு தபா பாக்கணும். கோர்ட்டுல பாக்கலாம்னு இருந்தேன். அது எப்பவோ." கையை ஐஸ் தண்ணீரில் அலசி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வா மேடம். நின்னுக்கினே இருக்க."

பாலத்தில் எங்களை எதிர்கொண்ட இரண்டு வடமேட்டு ஆட்கள் அவளைப் பார்த்ததும் வழக்கப்படி திரும்பிப் போனார்கள். அவர்கள் முன்னால் போனதால் செய்தியும் முன்னால் போயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டியப்பன் தெருவில் நின்றிருந்தான்.

"இன்னாத்துக்கு வந்த?"

"உன் பொண்டாட்டிய பாக்க."

"வாசப்படி மிதிச்ச, கால ஒடிச்சிருவேன்."

"ஒடி. படகு போயிடுச்சு, காலு இருந்து இன்னா பண்ணப் போறேன்?"

அவன் ஓரடி முன்னால் வைத்தான். அப்போது கதவு திறந்தது. தெய்வானை சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சண்டையை விலக்க வந்தாளோ, காற்று வாங்க வந்தாளோ. வயிறு முன்னால் வந்தது, அவள் பின்னால் வந்தாள். அவ்வளவு மெலிந்திருந்தாள்.

"தெய்வானை, கண்ணாடியை எடும்மா," என்றார் ரெஜினா.

அவள் எடுத்தாள்.

என் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. எலுமிச்சைத் தோலின் மஞ்சள். சந்தேகமே இல்லை. ஆனால் என் வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. நான் பாஞ்சாலையைப் பார்த்தேன். பாஞ்சாலையின் வாய் திறந்திருந்தது.

"அடிப் பாவி மவளே," என்றாள் மெதுவாக. "ஒடம்பெல்லாம் மஞ்சத் தண்ணி ஊத்துனாப்புல கீறியேடி. இவன் கண்ணுக்குத் தெரியவேல்லியா?"

"பொய் சொல்றா," என்றான் எட்டியப்பன். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. மனைவியைப் பார்த்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். "யோவ், நீங்க சொல்லுங்கய்யா. இவ மஞ்சளா கீறாளா?"

"இல்லியே," என்றான் ஒருத்தன். "எப்பவும் போலத்தான் கீது," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள்.

பாஞ்சாலை தன் கண்ணாடியைக் கழற்றினாள். அதன் காம்பில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. "இந்தா. எனக்கும் முகாம்லதான் குடுத்தான். எனக்கு மந்திரம் தெரியாது."

கலங்கிய கண்களோடு எங்கேயோ பார்த்துக்கொண்டு அவள் கையை நீட்டியபடி நின்றாள். வெகுநேரம் நின்றாள். எட்டியப்பன் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அதை வாங்கி மாட்டினான்.

அவன் கத்தவில்லை. அவளருகே போய்த் தாடையைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினான். கையை எடுத்து அவள் உள்ளங்கையைப் பார்த்தான். நகத்தைப் பார்த்தான்.

"நான் சொன்னேனே," என்றாள் தெய்வானை. "மூத்திரம் மஞ்சளா போவுதுன்னேன். நீதான் மூஞ்சி நல்லா கீது, சூட்டுக்கு அப்டித்தான் இருக்கும்ன. நீ சொன்னா சரியா இருக்கும்னு வுட்டுட்டேன்."

ரெஜினா ஏற்கனவே போனில் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. ஊசி ஒன்று போட்டு, அவளைப் படுக்க வைத்து, கூடவே ஏறி, வண்டி கிளம்புமுன் அவள் கையில் குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினார். "நேரத்தோட வந்துட்டோம், பயப்படாதே," என்று அவர் சொன்னது கேட்டது. டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாலும், அவர் குரலில் அவசரம் குறைந்திருந்ததை நான் கவனித்தேன். அன்று முதல் முறையாக என் கால்கள் வலிக்க ஆரம்பித்தன.

எட்டியப்பன் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தான். பாஞ்சாலை அதை மாட்டிக்கொண்டு கிளம்பத் திரும்பினாள். பக்கத்து வீட்டுக்காரி வழியை மறித்தாள். தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"இன்னா?"

"பாத்து சொல்லு."

"நல்லா கீறே. போ."

அடுத்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கொழந்த நல்லா கீது. உனக்குத்தான் கண்ணு மஞ்சளா கீது. டாக்டராண்ட போ." பிறகு ஒரு கிழவர். பிறகு இரண்டு பெண்கள். தெருவில் ஒரு வரிசை உண்டாகிவிட்டது. "முட்டாதீங்கடி, நான் இன்னா ரேஷன் கடையா வெச்சிருக்கேன்?" என்று கத்திக்கொண்டே அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். பதினான்கு பேரில் மூவர் மஞ்சள். அவள் சொன்னதும் நான் கண்டதும் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

எட்டியப்பன் ஆம்புலன்ஸின் படியிலிருந்து இறங்கி வந்து அவள் முன் நின்றான். கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது. துண்டு தோளில் கிடந்தது. கூட ஏறுவதற்கு முன்னால் அவனுக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது போலும்.

"எனக்கும் பாரு," என்றான். தலை குனிந்திருந்தது.

"நிமிர்ந்தாத்தான பாக்க முடியும்."

நிமிர்ந்தான். மற்றவர்களை அவள் ஆளுக்கு ஒரு நொடிதான் பார்த்திருந்தாள். இவனை வெகுநேரம் பார்த்தாள். நெற்றியை, கன்னத்தை, கண்ணை. அவள் வந்தது இதற்குத்தான். அவன் முகத்தில் அவள் கேட்ட பயம் வேண்டிய மட்டும் இருந்தது.

"உனக்கு ஒண்ணியும் இல்ல," என்றாள். "கண்ணு வெள்ள வெளேர்னு கீது. போ, பொண்டாட்டியோட போ."

நான் அவன் கண்ணைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த தோலில் எதுவும் தெரியவில்லை. ஆனால் கண் தெய்வானையின் கண்ணைவிட மஞ்சளாக இருந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம். அவளைக் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனேன். "இதுல மட்டும் ஏம்மா பொய் சொன்னீங்க? அவன் செத்துப் போகணுமா?"

"இன்னா மேடம் பேசுற நீ?" அவள் கையை உதறினாள். "நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்? அவனைக் கொல்லணும்னா வூட்டாண்டயே வந்திருக்க மாட்டேன். நல்லா பாத்தேன். எப்பவும் கீற மூஞ்சிதான். நேத்து எப்டி இருந்தானோ அப்டியே கீறான்."

"நேத்தா?"

"நேத்து, முந்தாநேத்து, எல்லா நாளும்தான். ஏலக்கூடத்துல எனக்கு நேர் எதிர்லதான குந்திக்கினு கீறான்."

பதினைந்து வருடத்தில் நான் எழுதிய கணக்கு முழுவதும் ஒரு கணம் என் முன்னால் திறந்து மூடியது. ஒரு முகத்தை எத்தனை முறை, எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று மட்டும்தான் அதில் எழுதியிருந்தேன். எதற்காகப் பார்க்கிறோம் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"எத்தனை நாளா அவரைப் பாக்குறீங்க?"

"படகு எரிஞ்ச நாள்லேருந்து. அவன் வரசொல்லோ பாப்பேன், போற வரைக்கும் பாப்பேன். என் புருஷன் மூஞ்சியக்கூட அவ்ளோ பாத்ததில்ல."

நான் ஓடிப்போய் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்தேன். "டாக்டர், இவருக்கும் ரத்தம் எடுங்க. பக்கத்துல உட்கார வைக்காதீங்க, படுக்க வைங்க." எட்டியப்பன் என்னையும் பாஞ்சாலையையும் மாறி மாறிப் பார்த்தான். இந்த முறை எதுவும் கேட்காமல் ஏறிப் படுத்துக்கொண்டான்.

கதவு மூடுவதற்குள் பாஞ்சாலை வந்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். மாட்டிக்கொண்டு, உள்ளே குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கழற்றித் துடைத்தாள். மறுபடி பார்த்தாள்.

"இல்லியே," என்றாள்.